பாலத்தில் காத்திருந்த சொல்

எங்கள் ஊர் செம்மாடம்பாளையத்தில் ஓர் ஆடி மாதத்து வியாழக்கிழமை, காற்று சந்தைப்பேட்டைப் புழுதியை வாரி எல்லார் கண்ணிலும் அடித்துக்கொண்டிருந்தபோது, மாடு வாங்க வந்தவர்களும் விற்க வந்தவர்களும் சுண்டல் விற்றவர்களும் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, அத்தனை பேருடைய பேச்சும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனது. வாய்கள் அசைந்தன, கழுத்து நரம்புகள் புடைத்தன. மாட்டுமணி கேட்டது, காளை செருமியது கேட்டது, தகரக் கூரை படபடத்தது கேட்டது. மனிதர் சொன்ன சொல் மட்டும் கேட்கவில்லை. பாலத்தை ஒட்டிய என் கயிற்றுக்கடையில் நான் ஒருவருக்கு மூக்கணாங்கயிற்றின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் வாயைப் பார்த்தார், நான் அவர் வாயைப் பார்த்தேன், இரண்டு பேரும் காதைக் குடைந்துகொண்டோம்.

மறுநாள் அதே நேரத்துக்கு, சந்தைப்பேட்டையில் ஈ காக்கை இல்லாத வெள்ளிக்கிழமையில், முந்தின நாள் சொன்ன சொல் எல்லாம் வந்து சேர்ந்தது. யாரிடம் சொன்னதோ அவர் இருக்கும் இடம் தேடி வந்து அவர் காதில் மட்டும் விழுந்தது. வீட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு "பல்லைப் புடிச்சுப் பாருங்க, பொய் சொன்னா என்னைய ஏனுன்னு கேளுங்க" என்று கேட்டது. சோற்றில் கை வைத்திருந்த இன்னொருவருக்கு "தள்ளி நில்லுங்க, ஒதைக்கும்" என்று கேட்டு, மனிதர் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். எனக்கு நான் சொன்ன விலையே என் குரலில் திரும்பி வந்தது. ஆமாம், சொன்னவர் காதுக்கும் அவர் சொல் மறுநாள்தான். நான் விலையை ஏற்றிச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு இழைகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

அதுமுதல் எங்கள் ஊரில் சொல் ஒரு நாள் பிந்தித்தான் வருகிறது. வெளியூரில் வெளியூர்க்காரரோடு பேசினால் பேச்சு ஒழுங்காகவே இருக்கும்; எங்கள் ஊர்க்காரர் இருவர் பேசிக்கொண்டால், அவர்கள் சென்னைக்கே போய் நின்று பேசினாலும், சொல் முதலில் ஊருக்கு வந்து மறுநாள் ஊருக்குள்தான் காதில் விழும். கேட்க வேண்டியவர் ஊரில் இல்லாவிட்டால் அது திரும்பிப் போய்விடாது, கரைந்தும் போகாது. ஊர் எல்லையில் என் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற வாய்க்கால் பாலத்தில் அவருக்காகக் காத்து நிற்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் உள்ளங்கையை வைத்தால் தெரியும், மாடு முகர்ந்து பார்க்கும்போது படுகிற மூச்சைப்போல வெதுவெதுப்பாக ஒன்று பட்டுப் பட்டு விலகும். மாமியார் திட்டியதைக் கேட்கப் பயந்து வெள்ளிங்கிரி என்கிற வீராதி வீரர் அக்கரையில் தென்னந்தோப்புக் குடிசையிலேயே தங்கிவிட்டார். அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு அந்தத் திட்டு இன்றைக்கும் பாலத்தில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்று கொஞ்ச நாள் யோசித்தோம். டாக்டர் வந்து காதுகளில் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கு இருப்பதாகச் சொன்னார். அதையும் மறுநாள்தான் கேட்டோம். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு, மழை வராத வருசத்துக்குப் பழகுவதைப்போலப் பழகினோம். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு நடத்துகிற பாடம் பிள்ளைகளுக்கு நாளைக்கு வந்தது. சொன்னதை அடித்துத் திருத்த முடியாததால் வாத்தியார் யோசித்துப் பாடம் நடத்தினார். அம்மன் கோயில் பூசாரி மட்டும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை, "சாமிக்கு ஒரு நாளெல்லாம் ஒரு தாமசமுங்களா" என்று அவர் கேட்டது மறுநாள் வந்தபோது நாங்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் தலையாட்டினோம். ஓட்டுக் கேட்க வந்த தலைவர் ஒருவர் மேடையில் கையை வீசி வீசிப் பேசியதை ஊரே மரியாதையாக வாய் மூடிப் பார்த்தது. அவர் மனம் நொந்து கார் ஏறிப் போனார். மறுநாள் அதே நேரத்தில் அடுப்படியிலும் வயலிலும் நின்றுகொண்டு நாங்கள் கைதட்டியது அவருக்குத் தெரியாமலே போனது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டிய சொல் ஒரு பகலும் ஓர் இரவும் அந்தரத்தில் நிற்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தப் பழமொழியின் முழுக் கனமும் தெரியும். ஒருவரைத் திட்டிவிட்டு அவரோடேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கும் ஏதோ வருகிறது என்று தெரியும், நமக்கும் தெரியும். போனில் எழுதி அனுப்பினால் உடனே போய்ச்சேர்ந்தது உண்மைதான். ஆனால் எழுத்தோடு முகம் போகவில்லை, குரலும் போகவில்லை, அதனால் அப்படி அனுப்பியவர்கள் வீட்டில் சண்டை இரண்டு பங்காக நடந்தது.

சொல் பிந்தியதால்தான், பிந்தாமல் எவ்வளவு வருகிறது என்று பார்த்தோம். சிரிப்பு உடனே வந்தது, அழுகை உடனே வந்தது. இருமல், பெருமூச்சு, 'உச்' கொட்டுவது, தூக்கத்தில் முனகுவது, விரல் சொடுக்குவது, கதவை அடித்துச் சாத்துவது எல்லாம் அந்தந்த நேரத்துக்கே வந்தன. தறிக்காரர் வீட்டுக் கைக்குழந்தையின் மழலை தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அது தாயைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து அழுதுகொண்டே சிரித்தாள், எங்களுக்குப் புரிந்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. சத்தம் வராவிட்டால் அது சொல்தான். மறுநாள் அதே நேரத்தில் தெருவே அவள் வாசலில் நின்றது. யாருக்கும் கேட்காத அந்த 'அம்மா' அவள் முகத்தில் வந்து இறங்கியதை எல்லாரும் பார்த்தோம்.

மாட்டுத் தரகர்களுக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. அவர்கள் எப்போதுமே வாயால் விலை பேசியவர்கள் அல்ல. இரண்டு பேர் கைகோத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் ஒரு தொகை, அழுத்தினால் ஒரு தொகை, முழு உள்ளங்கையையும் இறுகப் பிடித்தால் முடிந்தது. வாய் அந்த நேரத்தில் சும்மா இருக்காது. சுற்றி நிற்பவர்களுக்காக 'கொம்பு கோணல், சுழி சரியில்லை, இதை ஓட்டிப் போனால் குடி விளங்காது' என்று மாட்டைத் திட்டிக்கொண்டே இருக்கும். வாய் சொல்வது ஊருக்கு, கை சொல்வதுதான் நிசம். கைக்கு ஒரு சட்டமும் உண்டு: துண்டுக்குள் போன கையைப் பேரம் முடியாமல் உருவக் கூடாது. தேள் கொட்டினாலும் உருவக் கூடாது. உருவினவனுக்கு அப்புறம் எந்தச் சந்தையிலும் எவனும் கை கொடுக்க மாட்டான்.

சென்னியப்பன் எங்கள் பக்கத்துச் சந்தைகளில் எல்லாம் பேர்போன தரகர். அந்தக் கை ஒருமுறைகூடத் துண்டைவிட்டுப் பாதியில் வந்ததில்லை என்பதுதான் அவருக்குப் பேர். அவர் பெண்சாதி மயிலாத்தாள். அவர்களுக்குப் பூவாயி என்று ஒரு பெண் இருந்தாள், செவலைக் கன்று ஒன்றைக் கட்டிக்கொண்டு உருளுவாள், அதன் காதில் ஏதாவது ஓதிக்கொண்டே இருப்பாள். சொல் பிந்தத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சென்னியப்பன் தூரத்துச் சந்தை ஒன்றில் இருந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசியதில்லை; கன்று மட்டும் வளர்ந்து, ஈன்று, கறந்து, வயசான பசுவாகித் தொழுவத்தில் நின்றது.

அந்தச் செவலையை விற்க சென்னியப்பன் ஏற்பாடு செய்துவிட்டார். மயிலாத்தாளுக்கு அது தெரிந்தது காலையில் பால் கறக்கிற நேரம். அவர் பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார். அவள் பின்னால் போய் நின்று வாய்விட்டுவிட்டாள். சொன்னது தன் காதுக்கே கேட்காததால் நிறுத்துவதற்கும் தெரியவில்லை, நெஞ்சில் இத்தனை வருசம் கிடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். முகத்துக்கு ஒருநாள் தாமதம் கிடையாது. அவர் பால் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார், கைகழுவினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விட்டார். சந்தை தூரம், நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும்.

மறுநாள் காலையில் அதே நேரம் மயிலாத்தாள் வெறும் தொழுவத்தில் நின்றாள். தொழுவத்தில் நடந்ததை அவளே பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். தான் சொன்னது தன் காதில் வந்து விழும், கேட்டுக்கொள்வோம் என்றுதான் நின்றாள். ஆனால் முதலில் வந்தது அவள் குரல் இல்லை, அவருடையது.

"மயிலு, இந்த மாட்டு மூஞ்சியப் பாக்க என்னால முடியல. அன்னைக்கு எனக்குச் சேதி வந்துச்சு. புள்ளைக்கு ஒடம்பு ரொம்ப மோசம், ஒடனே வாங்கன்னு ஆளு வந்து பக்கத்துல நின்னு சொன்னான். துண்டுக்குள்ள கை இருந்துச்சு. கையை உருவுனா மருவாதி போயிருமேன்னு, பேரம் முடியற மட்டும் நின்னுட்டேன் மயிலு. உருவிட்டு ஓடி வந்திருக்கோணும்."

முந்தின நாள், அவள் வாய் திறப்பதற்குச் சற்று முன், முதுகைக் காட்டி, பசுவின் வயிற்றோடு, யாருக்கும் வாய் தெரியாமல் சொல்லியிருக்கிறார். அது முடிந்து அவள் மூச்சு விடுவதற்குள் அதன் தலைமேலேயே அவள் குரல் வந்தது.

"நீங்க அன்னைக்கு வந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும். கொன்னுபோட்டீங்க. மாட்டுச் சந்தைக்குப் பொறந்த மனுசன் நீங்க, அப்பன்னு ஒருத்தன் எம்புள்ளைக்கு இல்லவே இல்ல."

சேதி அவரிடம் போய்ச்சேர்ந்தது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். வெறும் கோபத்தில் எறிந்த கல் குறியில் போய் விழுந்ததைப்போல இருந்தது. முதலில் அவள் அந்தப் பால் செம்பை எட்டி உதைத்தாள், அது உருண்டு தெருவுக்கு வந்ததைப் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் தொழுவத்துச் சுவரில் கையை ஓங்கி ஓங்கிக் குத்திய சத்தம் கேட்டது. அப்புறம் தலையை முடியாமல் அப்படியே பாலத்துக்கு ஓடிவந்தாள். அந்த நேரத்துக்கு அவள் சொல்லும் பாலத்துக்கு வந்து, அவருக்காக நின்றுகொண்டிருந்தது.

ஓடிவந்தவள் என்னிடம் ஏதோ சொன்னாள். எனக்கு அது மறுநாள்தான் வந்தது, ஆனாலும் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். "அண்ணா, அவரே சொல்லிட்டாருங்க. தானாவே சொல்லிட்டாரு. இனி இது அவரு காதுல போயி உழுந்தா, அடிச்ச எடத்துலயே அடிச்ச மாதிரிங்க. மனுசன் தாங்க மாட்டாரு. இதை எப்பிடியாவது நிறுத்துங்க அண்ணா." அப்போது எனக்குத் தெரிந்தது அவள் கண்ணும், பாலத்தைக் காட்டிய விரலும், நெஞ்சில் அடித்துக்கொண்ட கையும்தான். அதுவே போதுமாக இருந்தது. ஊரில் ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள்.

சொல்லை நிறுத்தும் வழி எங்களில் யாருக்குத் தெரியும்? கோயில் பறையைக் கொண்டுவந்து அடித்துப் பார்த்தோம், வெதுவெதுப்பு கலையவில்லை. பூசாரி வேப்பிலை அடித்தார். வாத்தியார் போனைக் காட்டி, சந்தையில் இருக்கும் யாருக்காவது எழுதி அனுப்பட்டுமா, அவரை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லட்டுமா என்று சாடையில் கேட்டார். மயிலாத்தாள் தலையை ஆட்டி மறுத்தாள். வராதே என்று எழுதிப் போட்டால் வெள்ளிங்கிரி மாதிரி அவரும் அக்கரையிலேயே நின்றுவிடுவார் என்ற பயம் அவளுக்கு. கடைசியில் யாரும் சொல்லாமலே ஆணும் பெண்ணுமாகக் கைகோத்துப் பாலத்தை அடைத்து வரிசையாக நின்றோம். சொல்லை மனிதச் சுவர் மறிக்காது என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தரும் கையை விடவில்லை, அவள் சொன்ன சொல்லின் மூச்சு எங்கள் உள்ளங்கைகளில் பட்டுக்கொண்டே இருந்தது, அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் தொட்டதில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் அக்கரைச் சாலையில் சென்னியப்பன் வந்தார். கயிற்றின் மறுமுனையில் செவலை வந்தது.

விற்கப்போன மாடு திரும்பி வருகிறதே என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவரைத் தாண்டிக்கொண்டு ஒரு மொபட் வந்து நின்றது. நல்லண்ணன், எங்கள் ஊர்த் தரகர்தான், கோபத்தில் முகம் சிவந்திருந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே தன் இடது கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே வலது கையை விட்டு, எல்லாரும் பார்க்கும்படி அதை வெடுக்கென்று உருவிக் காட்டினார். சென்னியப்பனைக் காட்டினார். மறுபடியும் உருவிக் காட்டினார். எங்கள் வரிசையிலிருந்து 'ஐயோ' என்கிற மாதிரி ஒரு மூச்சு எழுந்தது. ஆயுசுக்கும் சேர்த்த பேரை மனிதர் ஒரு நொடியில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்றுதான் நினைத்தோம். ஏன் உருவினார் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. மயிலாத்தாளுக்கு மட்டும் தெரியும்.

அதுவரை 'வராதீங்க, அங்கயே நில்லுங்க' என்று இரண்டு கையையும் நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கீழே போட்டாள். அக்கரையில் அவர் நின்றுவிட்டார். ஊரே பாலத்தை அடைத்து நிற்பதையும், நடுவில் அவள் தலைவிரித்து நிற்பதையும் பார்த்தார். அங்கே எது காத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு விளங்காமல் இருக்குமா? அது யாருக்கு என்றும் தெரியும். அப்படியே திரும்பித் தோப்புக் குடிசைக்குப் போயிருந்தால் அவர் அதைக் கடைசிவரை கேட்டிருக்கவே வேண்டாம். வெள்ளிங்கிரி குடிசை வாசலில் நின்று, இங்கே இடம் இருக்கிறது என்பதுபோலக் கையை ஆட்டியதையும் நான் பார்த்தேன்.

மயிலாத்தாள் வரிசையை விலக்கிக்கொண்டு பாலத்தின் நடுவுக்குப் போனாள். வலது கையை நீட்டினாள். தரகர் பெண்சாதி, பேரத்துக்கு நீட்டுவதைப்போலவே உள்ளங்கையைச் சாய்த்து நீட்டினாள்.

சென்னியப்பன் மாட்டுக் கயிற்றை இடது கைக்கு மாற்றினார். நடந்து வந்தார். அவள் எதிரில் நின்று, தோள்துண்டை எடுத்து, அவள் கையும் தன் கையும் மறையும்படி போட்டார். அந்த நொடியில் எங்கள் உள்ளங்கைகளில் இருந்த வெதுவெதுப்பு போய்விட்டது.

அவர் கேட்பதை நாங்கள் பார்த்தோம். ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்ததைக் கன்னத்தில் பார்த்தோம், தாடையில் பார்த்தோம். துண்டு ஒருமுறை அசைந்தது; அவர் கை வெளியே வரப் பார்த்தது போலிருந்தது, உள்ளே இருந்த அவள் கை விடவில்லை. அவருடைய வாழ்நாள் முழுக்க வாய் மாட்டைத் திட்டும்போது கை வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறது. அவள் வாய் சொன்னது அவர் காதில் விழுந்துகொண்டிருக்க, அவள் கை என்ன சொன்னது என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது, துண்டு மூடியிருந்தது. முழங்கைவரை அவள் நரம்பு புடைத்திருந்ததை மட்டும்தான் பார்த்தோம். அவர் உள்ளங்கை முழுவதையும் அவள் இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது.

சென்னியப்பன் அழுதார். பூவாயியை எடுத்துப்போன அன்றுகூட அழாத மனிதர். அழுகை ஒரு நாள் காத்திருக்கவில்லை, பாலத்தைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, அந்த நொடியிலேயே ஊர் முழுக்கக் கேட்டது. நல்லண்ணன் மொபட்டை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நின்றார், அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கும் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. பறை அடித்தவர் பறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அழுது முடிந்தபோது மயிலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். சத்தம் வரவில்லை. இரண்டு பேரும் துண்டுக்குள் கை பிடித்தபடியே, மாடு பின்னால் வர, ஊருக்குள் போனார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அன்றைக்கு எங்கள் ஊரில் பேசாத வீடு இல்லை, அதாவது வாயை அசைக்காத வீடு இல்லை. மன்னித்தேன் என்று சொல்லியிருப்பாள் என்றார்கள் சிலர். மன்னிக்கவே மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள், நான் அவள் உதட்டைப் பார்த்தேன் என்றார் ஒருவர்.

மறுநாள் வெயில் சாய்கிற நேரத்தில் நான் கடையைப் பாதி சாத்திவிட்டு, புதுக் கழுத்துமணி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மணி ஒரு சாக்கு. சென்னியப்பன் தொழுவத்தில் இருந்தார். முகம் சட்டென்று நிமிர்ந்தது, காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, விரலால் காதைக் காட்டி, அவள் சொன்னது இன்னதென்று வாயசைத்தார். அது எனக்கு அடுத்த நாள் வந்து சேர்ந்தது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், வாங்க" என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது அவர் செவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டுதான் இருந்தார். மயிலாத்தாள் தொட்டியின் அந்தப் பக்கம் நின்று தண்ணீரில் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்து வாயசைத்து ஏதோ பதில் சொல்லிவைத்தார், அது நாளைக்கு வரும். அவள் அதற்குள் சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டது.